சாக்பீஸ் பிடிபடும் நேரம்

நாரிஸ் ரோடு, சிங்கப்பூர்
12 மார்ச் 1962

அன்புள்ள தம்பி மருதுவுக்கு,

அக்கா சந்திரமதி எழுதுவது. லீட்ஸ் குளிர் உன்னை என்ன பாடுபடுத்துகிறதோ. கம்பளிச் சட்டை அழகுக்குக் கொடுத்தனுப்பியதல்ல, போட்டுக்கொள். கீழ்வீட்டு சாயிரா பானு உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே, "தொர அங்க பால் கோப்பி கிடைக்காம இளைச்சிருப்பாரு லா" என்றாள்.

நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? தீபாவளிக்கு முன்னே விரல் கணுக்கள் வீங்கின என்று எழுதியிருந்தேன் அல்லவா, இப்போது மணிக்கட்டும் சேர்ந்துகொண்டது. காலையில் எழுந்தால் கை மூடுவதில்லை. தலைமாட்டில் ஒரு சாக்பீஸ் வைத்திருக்கிறேன். அதைப் பிடிக்க முடிகிற நேரம்தான் எனக்கு விடிகிற நேரம். முன்பு ஏழு மணி, இப்போது பத்தாகிறது. பள்ளிக்கூட மணி ஏழரைக்கு அடித்துவிடுகிறது.

டாக்டர் விஸ்வலிங்கம் இதற்கு முடக்குவாதம் என்று பெயர் சொன்னார். ஆஸ்பிரின் தருகிறார், அதைத் தின்றால் வயிறு எரிகிறது. தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான், ஆனால் "கரும்பலகையில எழுத முடியாத வாத்தியாரை வச்சிக்கிட்டு நான் என்னம்மா செய்வேன்?" என்று கேட்டுவிட்டார். அம்மா போன பிறகு நம் இரண்டு பேருக்கும் சோறு போட்டது இந்தக் கைதான். நீ ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் கிருமிகளுக்கு நடுவே வேலை பழகுகிறாய். அங்கே யாரையாவது கேட்டு எழுது.

உன் நலம் வேண்டும்,
அக்கா

லீட்ஸ்
25 மார்ச் 1962

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே புத்தகம் தேடப் போனேன். இன்று நிம்மதியாக எழுதுகிறேன். வழி கிடைத்துவிட்டது.

இந்த ஆஸ்பத்திரியின் நூலகத்தில் முடக்குவாதத்தைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று இருக்கிறது. மூன்று மாலை உட்கார்ந்து படித்தேன். விஷயம் எளிது. பல்லின் வேரிலும் பெருங்குடலிலும் பாக்டீரியா ஒளிந்திருக்கிறது. நமக்கு வலிக்காது, தெரியாது. அவை விடுகிற நஞ்சு இரத்தத்தில் ஏறி மூட்டுகளில் போய்த் தங்குகிறது. குடலை வெட்டி எடுப்பது ஆபத்து. ஆனால் பற்களை எடுத்துவிடலாம். நல்ல பல், கெட்ட பல் என்று பார்க்கக்கூடாது, எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்று அந்தப் புத்தகத்தின் ஆசிரியர் எழுதியிருக்கிறார். எடுத்த சில வாரங்களில் எழுந்து நடந்தவர்களின் பட்டியலே இருக்கிறது.

நான் தினமும் தட்டுகளில் கிருமி வளர்க்கிறவன், அக்கா. இரவில் ஒரு புள்ளி வைத்தால் காலையில் தட்டு முழுக்க நிறைந்துவிடும். எனக்குச் சந்தேகமே இல்லை. பற்களை எடுத்துவிடுங்கள். பல் செட் கட்டிக்கொள்ளலாம், விரலுக்கு செட் கிடையாது.

சாயிரா அக்காவிடம் நான் இளைக்கவில்லை, தொப்பை வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

என்றும் உங்கள்,
மருது

நாரிஸ் ரோடு
9 ஏப்ரல் 1962

அன்புள்ள மருதுவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே மழையும் வெயிலும் மாறி மாறி. உன் தொப்பைச் செய்தி கேட்டு சாயிராவுக்குச் சந்தோஷம்.

நீ எழுதியதை டாக்டரிடம் காட்டினேன். வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தார். "பிள்ளை, உன்ரை பல்லிலை ஒரு சொத்தையும் இல்லை. இது என்ரை வாத்தியார் காலத்துக் கதை, விடு" என்றார். அவருக்கு வயதாகிவிட்டது. புதிதாக வருவதைப் படிக்க நேரம் எங்கே இருக்கப்போகிறது என்று எனக்குப் பட்டது. நீ அங்கே கண்ணால் பார்த்து எழுதுகிறாய்.

தேக்கா பசாருக்கு எதிர் வரிசையில், கண்ணாடிப் பெட்டியில் பல் செட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் சீனர் கடை நினைவிருக்கிறதா? சின்ன வயதில் அவை சிரிக்கின்றன என்று பயந்து என் பின்னால் ஒளிவாயே, அதே கடைதான். விசாரித்தேன். ஏப்ரல் 26, வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வருஷப் பிறப்புக்கு முறுக்கு கடித்துவிட்டுப் போகலாம் என்று நானும் சரி என்றேன்.

கோவிலில் வெள்ளிக்கிழமை தேவாரம் பாடும்போது உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

லீட்ஸ்
18 ஏப்ரல் 1962

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னியுங்கள். பல்லை எடுக்க வேண்டாம். ஒரு பல்லைக்கூட எடுக்க வேண்டாம்.

இன்று எங்கள் மூத்த டாக்டரிடம், என் அக்காவுக்கு இப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என்னைத் தனியே அழைத்துப்போய் உட்காரவைத்துச் சொன்னார். முப்பது நாற்பது வருடங்களுக்கு முன்னால் இந்த ஊரிலேயே ஆயிரக்கணக்கானவர்களுக்கு நல்ல பற்களைப் பிடுங்கினார்களாம். பிறகு கணக்கெடுத்துப் பார்த்தால், பிடுங்கியவர்களுக்கும் பிடுங்காதவர்களுக்கும் மூட்டு ஒன்றுபோலத்தான் இருந்ததாம். நான் படித்த புத்தகம் 1921இல் அச்சானது. அதை உங்களுக்கு எழுதாமல் விட்டேன். பழசு என்றால் நம்பமாட்டீர்கள் என்று நினைத்தேன்.

ஈஸ்டர் விடுமுறை வருகிறது. ஆனாலும் 26க்கு முன்னே இது கிடைத்துவிடும் என்று தபாலாபீசில் சொல்கிறார்கள். கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

மருது

நாரிஸ் ரோடு
20 ஜூலை 1962

அன்புள்ள மருதுவுக்கு,

உன் நான்கு கடிதங்களும் கிடைத்தன. பதில் போடத் தாமதம், பள்ளியில் பரீட்சை வேலை. நான் சுகம், கவலைப்படாதே.

கை முன்போலத்தான். எனக்கு இப்போது நூலக அறையைக் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பு இல்லை. புத்தகத்தை அடுக்கி, சீட்டு ஒட்டுகிற வேலை. உட்கார்ந்தே செய்யலாம். வெள்ளிக்கிழமை தேவாரத்துக்கு இப்போது வேறொருவர் வருகிறார். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கஞ்சி, குழைந்த சோறு, பாலில் ஊறிய இடியாப்பம், வெயிலுக்கு அதுதான் நல்லது.

போட்டோ கேட்டிருந்தாய். பிறகு பார்க்கலாம். அங்கே கோடைக்காலமாமே, ஆரஞ்சு மலிவாகக் கிடைத்தால் வாங்கிச் சாப்பிடு.

அக்கா

லீட்ஸ்
2 ஆகஸ்ட் 1962

அன்புள்ள அக்காவுக்கு,

ஆரஞ்சு வாங்கிச் சாப்பிட்டேன். கோடை என்று பெயர்தான், கோட் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.

எல்லாவற்றுக்கும் பதில் எழுதினீர்கள், ஒன்றைத் தவிர. என் ஏப்ரல் கடிதம் எந்தத் தேதியில் வந்தது? பாலில் ஊறிய இடியாப்பம் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. சாயிரா அக்காவுக்கும் இதே தபாலில் எழுதுகிறேன். கோபிக்காதீர்கள்.

மருது

நாரிஸ் ரோடு
27 ஆகஸ்ட் 1962

தம்பி மருதப்பனுக்கு சாயிரா பானு எழுதிக்கொள்வது. அல்லாஹ் உங்களை நல்லபடியா வச்சிருக்கணும்.

எனக்குக் கடுதாசி எழுதி வராது. ப்ளவுஸ் அளவு எழுதித்தான் பழக்கம். அதனால பேசுற மாதிரியே எழுதுறேன். உங்க அக்கா சொல்லாதேன்னு சத்தியம் வாங்குனாங்க. ஆனா நீங்க கேட்ட பிறகு பொய் சொல்ல எனக்கு மனசு வரல.

எடுத்துட்டாங்க தம்பி. இருவத்தெட்டும் எடுத்துட்டாங்க. மேல் வரிசை ஒரு வியாழன், கீழ் வரிசை அடுத்த வியாழன். நான்தான் கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வந்தேன். உங்க கடுதாசி மேல் வரிசை எடுத்த மறுநாள் வந்துச்சுன்னு சொன்னாங்க. பாதி போயாச்சு, மீதி இருந்து என்ன பண்ணன்னு கீழயும் எடுத்துட்டாங்களாம்.

கட்டுன செட்டு சரியா உக்காரல. பேசினா டக்கு டக்குன்னு ஆடுது. பிள்ளைங்க சிரிச்சிருச்சுங்க. அதுக்கப்புறம்தான் லைப்ரரி ரூமு. பாட்டும் போச்சு. கைக்கு ஏதாச்சும் குறைஞ்சிருந்தா ஆறுதலா இருந்திருக்கும், இம்மி குறையல.

உங்க மேல எனக்குக் கோபம் இருந்துச்சு தம்பி, மறைக்க மாட்டேன். இப்ப இல்ல. நல்லதுன்னு நெனச்சுத்தான சொன்னீங்க. அவங்களுக்கு எழுதும்போது திட்டாம எழுதுங்க.

துஆவுடன்,
சாயிரா பானு

லீட்ஸ்
6 செப்டம்பர் 1962

அக்கா,

சாயிரா அக்கா எழுதிவிட்டார்கள். அவர்களைக் கோபிக்க வேண்டாம்.

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். தந்தி அடித்திருக்க வேண்டும். ஈஸ்டர் என்று தெரிந்தும் தபாலை நம்பினேன். அதற்கும் முன்னே, புத்தகத்தின் வருடத்தைப் பார்த்த அன்றே யாரையாவது கேட்டிருக்க வேண்டும். உங்களுக்கு வழி கண்டுபிடித்தவன் நான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. அந்த ஆசைக்கு உங்கள் பற்களைக் கொடுத்திருக்கிறேன்.

இனி உங்கள் உடம்பைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். டாக்டர் விஸ்வலிங்கம் சொல்வதைக் கேளுங்கள். என் பேச்சு வேண்டாம்.

மருது

நாரிஸ் ரோடு
3 நவம்பர் 1962, சனி

அன்புள்ள மருதுவுக்கு,

கையெழுத்தைப் பார். வரி நேராகப் போகிறதா? நானேதான் எழுதுகிறேன், ஒரே மூச்சில்.

கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். மென்று தின்னத்தான் முடியவில்லையே, விட்டால் என்ன என்று ஒரு வீம்பும் உண்டு. திங்கள் முதல் இன்றுவரை இளநீரும் தண்ணீரும் மட்டும். சாயிரா தலையில் அடித்துக்கொண்டாள். "நாங்க நோம்பு வச்சா சாயங்காலமாவது தின்போம் லா" என்றாள்.

முதல் இரண்டு நாள் தலைவலி. மூன்றாம் நாள் சாக்பீஸ் ஒன்பது மணிக்குப் பிடிபட்டது. நான்காம் நாள் எட்டு மணி. நேற்று எழுந்து முகம் கழுவும்போதே கை மூடியது. மோதிரம் கழன்று விழுந்தது, மருது. ஒன்பது மாதமாக சோப்பு போட்டும் வராத மோதிரம். இன்று டேங்க் ரோட்டுக் கோவிலில் சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு, கூட்டத்தில் யார் கையையும் பிடிக்காமல் நடந்து வந்தேன்.

12 நவம்பர், திங்கள்

அப்போது தபாலில் போடாமல் வைத்தது நல்லதாயிற்று. எழுத்து கோணுவதைப் பார்த்தே தெரிந்துகொள்வாய். சூரசம்ஹாரத்துக்கு மறுநாள், ஞாயிறன்று, பால்பாயசம், நெய், தயிர்சோறு என்று விரதம் விட்டேன். வியாழன் வரை நன்றாக இருந்தது. வெள்ளி எட்டரை, சனி ஒன்பதரை, இன்று பழையபடி பத்து மணி.

முருகன்தான் கொடுத்தான் என்றால் ஐந்து நாளில் ஏன் திரும்ப வாங்கிக்கொண்டான்? அவன் அப்படிப்பட்டவன் இல்லை. எனக்கு வேறு எண்ணம் வருகிறது. முதல் கடிதத்தில் பல்லென்றும் குடலென்றும் இரண்டு இடம் எழுதினாய். பல் இப்போது இல்லை. குடல் இருக்கிறதே. ஆறு நாள் நான் பட்டினி கிடந்தால் அதற்குள் இருப்பவையும் பட்டினிதானே? நீ என்ன நினைக்கிறாய்?

அக்கா

லீட்ஸ்
1 டிசம்பர் 1962

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு யாவரும் நலம். பனி விழத் தொடங்கிவிட்டது. பயிற்சி பிப்ரவரியில் முடிகிறது. மார்ச்சில் கப்பல் ஏறுவேன். சாயிரா அக்காவுக்கு ஊசி டப்பா ஒன்று வாங்கியிருக்கிறேன். இந்த ஊர் உருளைக்கிழங்கு மிகவும் நன்றாக இருக்கிறது.

விரதம் பற்றி எழுதியது படித்தேன். டாக்டரைக் கேளுங்கள்.

மருது

நாரிஸ் ரோடு
10 டிசம்பர் 1962

அன்புள்ள மருதுவுக்கு,

உருளைக்கிழங்கு நன்றாக இருப்பதில் சந்தோஷம். நான் கேட்ட கேள்வியை அதோடு சேர்த்து அவித்துவிட்டாய்.

பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது. ஜனவரி இரண்டாம் வாரம் வகுப்புக்குத் திரும்ப முடியுமா என்று தலைமையாசிரியர் கேட்டுவிட்டார். முடியாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் வரும். நூலகத்துக்குத் தனியாக ஒருவரை வைக்க முடியாதாம். என்னிடம் இருப்பது ஒரு மாதம். டாக்டரைக் கேட்டேன். "பட்டினி கிடந்தா ஆருக்கும் உடம்பு லேசாத்தான் இருக்கும். ஆனா மோதிரம் கழண்டது எனக்கு விளங்கேல்லை. தம்பி என்ன சொல்றான்?" என்று அவரே கேட்கிறார். ஆகவே நீ பேசித்தான் ஆக வேண்டும்.

நீ ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்கான மருந்தும் என்னிடம்தான் இருக்கிறது. எட்டு மாதமாகக் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

உன் ஏப்ரல் கடிதம் மறுநாள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை, 24ஆம் தேதி, பள்ளிவிட்டு வரும்போது மாடிப்படியில் கிடந்தது. நின்றுகொண்டே படித்தேன். ஒரு பல்லைக்கூட எடுக்க வேண்டாம் என்று நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். மடித்துப் புடவைக்கு அடியில் வைத்தேன். வியாழக்கிழமை போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

டாக்டர் வேண்டாம் என்றார். நீ வேண்டாம் என்றாய். அந்தச் சீனர்கூட என் வாயைப் பார்த்து, "கீகி பாகூஸ், நல்ல பல்லு, எதுக்கு?" என்று கேட்டார். எடுங்கள் என்று நான்தான் சொன்னேன். உன் முதல் கடிதம் வந்ததிலிருந்து ஒரு மாதம் நான் தினமும் மே மாதத்தை நினைத்தே எழுந்தேன். மேயில் கை மூடும், மேயில் பலகையில் எழுதுவேன். உன் இரண்டாவது கடிதம் அந்த மே மாதத்தை எடுத்துக்கொண்டு போனது. என்னால் அதை விட்டுக்கொடுக்க முடியவில்லை. மேல் வரிசை போய் ஒரு வாரம் கழித்தும் கை அப்படியே இருந்தது. கீழ் வரிசையில்தான் நஞ்சு இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி போனேன். நாற்பது பிள்ளைகளுக்கு அறிவு சொல்லிக் கொடுக்கிறவள்.

வெட்கம், மருது. அதனால்தான் சாயிராவிடம் பொய் சொன்னேன். அது உன் தலையில் போய் விழும் என்று தெரிந்தும் விட்டுவிட்டேன். செப்டம்பரில் நீ எழுதியதைப் படித்து அழுதேன், அப்போதும் சொல்லவில்லை. அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

உனக்குப் பாதி, எனக்குப் பாதி என்றுகூடச் சொல்லமாட்டேன். எனக்கு அதிகம். இப்போது சொல். என் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

அக்கா

லீட்ஸ்
18 டிசம்பர் 1962

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் பிரித்திருக்கக்கூடாது. தொட்டியில் கழுவி வைத்த தட்டுகளையே மறுபடி எடுத்துக் கழுவினேன். உங்கள்மேல் கோபம் வந்தது. பிறகு, அந்த மே மாதத்தை முதலில் உங்களுக்குக் கொடுத்தது யார் என்று நினைத்தேன், கோபம் போய்விட்டது.

நேற்றே மூத்த டாக்டரிடம் போய், மோதிரம் கழன்றதையும் சாக்பீஸ் நேரத்தையும் நாள்வாரியாகச் சொன்னேன். அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். குடல் கிருமிதான் மூட்டு நோயைக் கிளப்புகிறது என்பதற்கு யாரிடமும் ஆதாரம் இல்லை, கிளப்புவதில்லை என்பதற்கும் யாரும் சரியாக ஆதாரம் தேடவில்லை என்றார். சுவீடனில் ஒரு பெண் மருத்துவர் கிருமியை நினைத்தே இந்த நோய்க்கு ஒரு மாத்திரை செய்தாராம். மூட்டு டாக்டர்கள் பயனில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள், குடல் டாக்டர்கள் தங்கள் நோயாளிகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒதுக்கியது சரியா என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

நான் நினைப்பது இது. நினைப்பு மட்டும்தான். நம் குடலில் கணக்கில்லாத பாக்டீரியா குடியிருக்கிறது. பெரும்பாலானவை நம் சோற்றைத் தின்றுவிட்டுச் சும்மா இருப்பவை. நாம் எதைத் தின்கிறோமோ அதைப் பொறுத்துச் சில பெருகும், சில குறையும். அவற்றில் ஏதோ ஒன்று விடுகிற ஏதோ ஒன்று குடலைத் தாண்டி இரத்தத்துக்குப் போகலாம். உடம்பு அதோடு சண்டை போடப்போய், ஆள் தெரியாமல் மூட்டையும் சேர்த்து அடிக்கலாம். பட்டினியில் அவை அடங்கியிருக்கலாம். அல்லது பட்டினியே வேறு விதமாக வேலை செய்திருக்கலாம். அந்தப் பழைய புத்தகம் குடலைச் சந்தேகப்பட்டது முழுத் தப்பா என்றே இப்போது தெரியவில்லை. சந்தேகத்தையே முடிவாக்கி, கையில் குறடை எடுத்தது தப்பு. நானும் அதைத்தான் செய்தேன்.

இளநீரில் ஒரு மாதம் வாழ முடியாது, அக்கா. பட்டினி மருந்தல்ல, அதைச் செய்யவே கூடாது. டாக்டர் விஸ்வலிங்கம் சம்மதித்தால் மட்டும் ஒன்று செய்து பார்க்கலாம். வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே, விரதம் விட்ட அன்று சேர்ந்த பால், தயிர், நெய்யை மட்டும் மூன்று வாரம் நிறுத்துங்கள். எடையைப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் ஒன்றும் நடக்காமல் போகலாம். ஜனவரிக்குள் கை சரியாகும் என்று நான் எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் நம்புவீர்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள். தினமும் சாக்பீஸ் எத்தனை மணிக்குப் பிடிபட்டது என்று குறியுங்கள். நல்ல நாளை மட்டும் எழுதி, கெட்ட நாளைப் புடவைக்கு அடியில் வைக்கக்கூடாது. மார்ச்சில் வந்து நானே எடுத்துப் பார்ப்பேன்.

முதல் பக்கத்தில் தேதிக்கு மேலே, பெரிய எழுத்தில், "மருதுவுக்குத் தெரியாது" என்று எழுதுங்கள். அதற்குக் கீழே, "அக்காவுக்கும் தெரியாது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத்து கோணினால் பரவாயில்லை.

உங்கள் தம்பி,
மருது